ஐயோவா அஃபென்ஸ் 2022–23: தப்பு ப்ளே காலிங்லயா, அதுக்கு முன்னாடியேவா?

பனிமூட்டம் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியான ஐயோவா ஹாக்கைஸ் ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்தின அந்த ரெண்டு சீசனையும் ஆற அமரப் பேசலாம்னு இந்த இழை. அப்போ எல்லார் வாயிலயும் ஒரே வார்த்தைதான்: "ப்ளே காலிங் மோசம்". (ப்ளே காலிங்னா, எந்தத் திட்டத்தை எப்போ ஆடணும்னு கோர்டினேட்டர் சொல்றது.) அஃபென்ஸ், அதாவது பந்தோட முன்னேறற பக்கம், 2022ல ஆட்டத்துக்குச் சராசரி 251.6 யார்டு, 131 அணிகள்ல 130ஆவது இடம். 2023ல அதுவும் தேய்ஞ்சு 234.6. 133 அணிகள்ல 133.

ஆனா "ப்ளே காலிங்"னு ஒரே மூட்டையா கட்டிட்டோம். உள்ளே மூணு தனித்தனி விஷயம் இருக்கு. அந்த நேரத்துக்குத் தப்பான ப்ளேயைக் கூப்பிட்டது ஒண்ணு. கூப்பிடறதுக்கு நல்ல ப்ளேயே கையில இல்லாதது ரெண்டு. நல்ல ப்ளே இருந்தும் ஆடறவங்களால அதைச் செய்ய முடியாதது மூணு. அந்த ரெண்டு சீசனும் அஃபென்ஸ் கோர்டினேட்டர் பிரையன் ஃபெரன்ட்ஸ். 2024ல அவர் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். தலைமைக் கோச் அதே கர்க் ஃபெரன்ட்ஸ் (பிரையனோட அப்பா), முன்வரிசைத் தடுப்பு லைனில் பெரும்பாலும் அதே ஆட்கள். சராசரி 27.7 புள்ளிக்கு ஏறிடுச்சு. அதனால இப்போ ஒப்பிட்டுப் பார்க்க வசதி இருக்கு.

"அவனை அப்பவே தூக்கியிருக்கணும்" வகைப் பதிவு வேண்டாம். என்ன டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கிற நாலு வாய்ப்புல எத்தனாவது), எத்தனை யார்டு, எதிரே எத்தனை பேர்னு சொல்லிப் பேசுங்க.

மூணும்அவுட்டும்

டவுன், யார்டு கேட்டீங்கல்ல, எடுத்துக்குங்க. 2022 முதல் ஆட்டம், சவுத் டகோட்டா ஸ்டேட். 7-3 வெற்றி. ஏழுன்னதும் ஒரு டச் டவுன்னு நினைப்பீங்க. ஒரு ஃபீல்டு கோல், ரெண்டு சேஃப்டி (எதிரணியை அவங்க கோல் பகுதிக்குள்ளயே மடக்கறது)! 3+2+2. மொத்தம் 166 யார்டு. டோரி டெய்லர் 10 தடவை பன்ட் அடிச்சார் (பந்தை எதிரணிக்குத் தூரமா உதைச்சுக் கொடுக்கறது). அடுத்த வாரம் ஐயோவா ஸ்டேட்கிட்ட 10-7 தோல்வி. இல்லினாய் ஆட்டம் 9-6, ரெண்டு பக்கமும் டச் டவுனே கிடையாது. ஒஹாயோ ஸ்டேட் 54-10. அந்தப் பத்துல ஏழு டிஃபென்ஸ் போட்டது.

முதல் டவுன்ல நடுவுல ஓட்டம், 2 யார்டு. ரெண்டாவது டவுன்ல மறுபடி ஓட்டம், 1 யார்டு. மூணாவது டவுன் 7 யார்டு தேவை, 4 யார்டுல ஒரு பாஸ். அப்புறம் டெய்லர் வருவார். டிவியை மூடிட்டு மனப்பாடமா ஒப்பிக்கலாம். இதைப் ப்ளே காலிங் மோசம்னு சொல்லாம வேற என்ன பேர் வைக்கறது?

பன்ட்பக்தன்

ஒரு திருத்தம். அந்த சவுத் டகோட்டா ஸ்டேட் சொத்தை அணி இல்லை. அந்த சீசனில் கல்லூரி ஃபுட்பாலின் இரண்டாம் அடுக்கான எஃப்சிஎஸ் பட்டத்தையே வென்ற அணி. அன்றைக்கு எதிரே நின்ற குவாட்டர்பேக் மார்க் கிரனௌஸ்கிதான் 2025இல் ஐயோவாவுக்கே வந்து ஆடினார். 166 யார்டுக்கு இது சமாதானம் ஆகாது, தெரியும். சரித்திரத்தைச் சரியாகச் சொல்வோம் என்றுதான்.

கணக்குப்பிள்ளை

புள்ளிகளைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த ஒப்பந்தத்தை மறக்கக் கூடாது. 2023 பிப்ரவரியில் பிரையன் ஃபெரன்ட்ஸின் சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைக்கப்பட்டு இரண்டு நிபந்தனைகள் போடப்பட்டன: குறைந்தது 7 வெற்றி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி. சீசன் முடிவில் வரும் பவுல் ஆட்டத்தையும் சேர்த்து 13 ஆட்டங்கள் என்றால் 325 புள்ளி.

இதில் வேடிக்கை, டிஃபென்ஸ் போடும் புள்ளியும் சிறப்பு அணிகள் போடும் புள்ளியும் கணக்கில் சேரும். அதாவது அஃபென்ஸ் கோர்டினேட்டரின் வேலை, டிஃபென்ஸ் கோர்டினேட்டர் பில் பார்க்கரின் ஆட்கள் எத்தனை பந்தைப் பிடுங்கி ஓடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. 2022இல் எடுத்த 230 புள்ளியும் அப்படித்தான். ரட்கர்ஸுக்கு எதிராக 27, அதில் இரண்டு டச் டவுன் டிஃபென்ஸுடையது. பவுல் ஆட்டத்தில் கென்டக்கியை 21-0 என்று வென்றது, அதிலும் இரண்டு டிஃபென்ஸுடையது.

325 என்பது ஓர் அஃபென்ஸை அளக்கும் அளவுகோலே அல்ல. அதே 2023இல் கல்லூரி ஆட்டத்தின் கடிகார விதியும் மாறியது. முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரத்தை நிறுத்தும் வழக்கம், இரு பாதிகளின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் என்றானது. எல்லா அணிக்கும் ப்ளே எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. மெதுவாக ஆடும் அணிக்கு இன்னும் நெருக்கடி. அக்டோபர் 30 அன்று, இந்த சீசனோடு அவர் போகிறார் என்று பொறுப்புத் தடகள இயக்குநர் பெத் கெட்ஸ் அறிவித்தபோது 8 ஆட்டத்தில் 156 புள்ளி, சராசரி 19.5. முடிவில் 14 ஆட்டத்தில் 216. சராசரி 15.4.

லைன்மேன்72

மூணும்அவுட்டும் சொல்ற "நடுவுல ஓட்டம், 2 யார்டு" பெரும்பாலும் நடுவுக்காகக் கூப்பிட்ட ஓட்டமே இல்ல. அவுட்சைட் ஜோன், கெட்டுப்போய் நடுவுல முடிஞ்சது. கர்க் ஃபெரன்ட்ஸ் 1999ல இருந்து வீடு கட்டியிருக்கிறதே அந்த ஒரு ப்ளே மேலதான். அதைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் எங்கே ஓட்டைன்னு தெரியும்.

வலப்பக்கம் ஓடுற அவுட்சைட் ஜோன்னு வச்சுக்குங்க. ஸ்னாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால கொடுத்து ப்ளே தொடங்கினதும்) லைன் ஆட்கள் ஐந்து பேரும் டைட் எண்டும் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யறவர்) ஒரே நேரத்துல வலது காலைப் பக்கவாட்டில் எடுத்து வைப்பாங்க. யாரும் நேரா இடிக்கறதில்ல. எதிரே நிக்கிறவரோட வெளித்தோளைப் பிடிக்கறதுதான் வேலை. ரன்னிங் பேக் குறி வைக்கறது டைட் எண்டின் வெளிப்பக்கத்தை. ஓடிக்கிட்டே ஓரத்து டிஃபென்டரைப் பார்ப்பார். அவர் உள்ளே அடைபட்டா வெளியே சுத்தி ஓட்டம். அவர் வெளியே நகர்ந்தா பார்வை உள்ளே இருக்கிற அடுத்தவர் மேல போகும். அவரும் நகர்ந்தா பின்னால ஒரே வெட்டு. ரெண்டு வெட்டு வெட்டினா ப்ளே செத்துச்சு.

கெடுற இடம் ஒண்ணு: லைன் நடுவுல இருக்கிற சென்டரும் பக்கத்து கார்டும் சேர்ந்து, நேர் எதிரே நிக்கிற நோஸ் டேக்கிளைப் பிடிச்சு, சென்டர் அவரை வளைச்சதும் கார்டு கழண்டு அவருக்குப் பின்னால நிக்கிற லைன்பேக்கர்கிட்ட போகணும். 2021 வரைக்கும் அந்த இடத்துல டைலர் லிண்டர்பாம் இருந்தார். தனியாளா நோஸைச் சுத்தி வளைக்கக்கூடிய சென்டர். பக்கத்துல இருக்கிறவர் சும்மா தோளைத் தொட்டுட்டுப் போயிடலாம். 2022ல அவரைத் தொழில்முறை லீக் அணியான ரேவன்ஸ், ஆள் தேர்வின் முதல் சுற்றில் 25ஆவதா எடுத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கார்டு கொஞ்சம் கூடுதலா நின்னு உதவ வேண்டியதாச்சு. அந்தக் கொஞ்ச நேரத்துல லைன்பேக்கர் இடைவெளியில வந்து நின்னுடுவார். ரன்னிங் பேக் வெட்டற இடத்துல ஆள் இருக்கு. ஸ்கோர் தாள்ல "2 யார்டு". திட்டு மாடியில உக்காந்திருக்கிற பிரையனுக்கு.

ரெண்டாவது ஓட்டை பின்பக்கம், அதாவது ஓட்டம் போற திசைக்கு எதிர்ப்பக்கம். அது எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. ஐயோவாவுக்குப் பிடிச்ச அமைப்பு: குவாட்டர்பேக் சென்டருக்கு ஒட்டிப் பின்னால, ஒரு ரன்னிங் பேக், ரெண்டு டைட் எண்ட். தடுக்க ஆள் 5+2, ஏழு. எதிரணி பின்னால நிக்கிற ஒரு சேஃப்டியை இறக்கி பாக்ஸில் (லைனுக்கு நேர் எதிரே இருக்கிற பகுதி) எட்டுப் பேரை நிறுத்தும். (புள்ளி சேஃப்டி வேற, இது ஆள் சேஃப்டி. தமிழில் எழுதும்போது இது ஒரு தலைவலி.) எட்டாவது ஆளைத் தடுக்க யாரும் இல்ல. ஏமாத்தித்தான் ஆகணும். அதுக்குத்தான் பூட்லெக்: பந்தைக் கொடுக்கிற மாதிரி காட்டிட்டு குவாட்டர்பேக் எதிர்ப்பக்கம் சுத்தி ஓடறது. பின்பக்க டிஃபென்சிவ் எண்ட் அதுக்குப் பயந்து ஒரு கணம் நின்னாப் போதும், அவர் கணக்குல இல்லாதவர் ஆயிடுவார். ஏழுக்கு ஏழு.

அவர் பயப்படலைன்னா? 2022ல ஸ்பென்சர் பெட்ராஸ், 2023ல கேட் மெக்நமாரா முழங்கால் கிழிஞ்சதுக்கப்புறம் டீக்கன் ஹில். ரெண்டு பேரும் காலால பயமுறுத்துற ஆட்கள் இல்ல. பின்பக்க எண்ட் திரும்பிக்கூடப் பார்க்காம ரன்னிங் பேக் முதுகைத் துரத்துவார். ஒரே புத்தகம்தான், ஆனா பயமுறுத்தற பக்கத்தைக் கிழிச்சுட்டு ஆடின மாதிரி.

மூணும்அவுட்டும்

அண்ணே, அருமையான பாடம், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. பயமுறுத்தற பக்கம் கிழிஞ்சது ரசிகனுக்கே தெரியுதுன்னா, கோர்டினேட்டர் அதே பக்கத்தை ஏன் வாராவாரம் வாசிக்கணும்? மின்னசோட்டா ஆட்டம் 2023: ரெண்டாவது பாதி முழுக்க 12 யார்டு. பன்னிரண்டு! ஒரு முதல் டவுனுக்குச் சரியா ஒட்டிக்கிட்டு வர்ற தூரம், அதை 30 நிமிஷத்துல ஓடியிருக்காங்க.

லைன்மேன்72

தம்பி, அதுல நான் உங்க பக்கம்தான். "கூப்பிட்டது தப்பில்ல"ன்னு நான் சொல்லல. கூப்பிட்டதை மாத்தினா மட்டும் சரியாகியிருக்காதுன்னுதான் சொல்றேன்.

நெல்லிக்காய்

புதுசா பார்க்க ஆரம்பிச்சவ கேக்கறேன், சிரிக்காதீங்க. பாக்ஸ்ல எட்டுப் பேர் வந்துட்டாங்கன்னா பின்னால மூணு பேர்தானே மிச்சம்? நேரா பாஸ் அடிச்சா முடிஞ்சுதே?

மாடிப்பார்வை

நல்ல கேள்வி, இதில் சிரிக்க ஒன்றுமில்லை. புத்தகம் சொல்லும் பதிலும் அதுதான். ஆனால் பாஸ் என்பது நேரக் கணக்கு. குவாட்டர்பேக் மூன்று காலடி பின்வாங்கி எறிவது சுமார் ஒன்றரை முதல் இரண்டு நொடி. ஐந்து காலடி என்றால் இரண்டரை நொடியை ஒட்டி. ஓட்டம் போலக் காட்டி ஆழமாக எறிவது மூன்று நொடிக்கு மேல். லைன் இரண்டு நொடிதான் தாங்கும் என்றால் ஆழமான பாஸ் எல்லாம் பட்டியலிலிருந்து தானாகவே கழன்றுவிடும். மூன்றாவது டவுன் 7 யார்டு தேவைப்படும்போது 4 யார்டில் எறிகிறார்களே என்று திட்டுகிறோம். அங்கே பெரும்பாலும் 7 யார்டுப் பாதையும் அந்த ப்ளேக்குள் இருக்கும். அது திறப்பதற்குள் குவாட்டர்பேக்கின் முகத்துக்கு நேரே ஆள் வந்துவிடுவதால் கையிலிருக்கும் குட்டைப் பாதைக்கு எறிகிறார். தொலைக்காட்சியில் ஓரத்துப் பாதை தெரியாது, எறிந்த பாதை மட்டும்தான் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் லைன் தலையில் கட்டவும் முடியாது. ரிசீவர்களைப் பாருங்கள். சார்லி ஜோன்ஸ் 2021இல் ஐயோவாவில் பிடித்தது 21 பந்து. 2022இல் பர்டூவுக்கு மாறிப்போனார்: 110 பந்து, 1,361 யார்டு, 12 டச் டவுன். அதே கை, அதே கால். அந்த சீசன் முடிந்ததும் கீகன் ஜான்சன், ஆர்லண்ட் புரூஸ் இருவரும் வெளியேறினார்கள். பந்து வராத இடத்துக்கு ரிசீவர் வரமாட்டார். ரிசீவர் இல்லாத இடத்தில் மூன்று பேர் பின்னால் நின்றாலே போதும், எட்டாவது ஆளை எதிரணி கவலையே இல்லாமல் பாக்ஸில் இறக்கும். லைன்மேன் சார் சொன்ன கணக்கு இங்கே வந்து முடிச்சுப் போடுகிறது.

டைட் எண்ட்தான் இதில் விதிவிலக்கு. சாம் லபோர்ட்டா 2022இல் ஏறக்குறைய தனியாளாக இந்த அஃபென்ஸைச் சுமந்தார். அடுத்த வருடம் தொழில்முறை லீக்கின் டிட்ராய்ட் லயன்ஸில் முதல் சீசனிலேயே 86 பந்து பிடித்தார். ஆள் இல்லாத பஞ்சம் எல்லா இடத்திலும் இல்லை.

பன்ட்பக்தன்

நண்பர்களே, எல்லோரும் சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறீர்கள். 2023 முடிவு என்ன? 10 வெற்றி, 4 தோல்வி. ஐயோவா ஆடும் பிக் டென் லீக்கின் மேற்குப் பிரிவுப் பட்டம். நாட்டிலேயே கடைசி அஃபென்ஸோடு பத்து வெற்றி என்றால், அங்கே வேறு ஏதோ ஒரு கணக்கு வேலை செய்திருக்கிறது.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். டெய்லர் அந்த சீசனில் 93 பன்ட், 4,479 யார்டு. ஒரே சீசனில் அவ்வளவு யார்டு பன்ட் அடித்தவர் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவில் அதுவரை எவரும் இல்லை. சிறந்த பன்டருக்கான ரே கை விருதும் அவருக்கே. சராசரி 48 யார்டு. சொந்த 30இலிருந்து அடித்தால் எதிரணி ஏறத்தாழ தன் 22இல் தொடங்க வேண்டும். அங்கிருந்து பில் பார்க்கரின் டிஃபென்ஸைத் தாண்டி 78 யார்டு வர வேண்டும். பெரும்பாலானவர்களால் முடியாது. அவர்களும் பன்ட் அடிப்பார்கள், ஆனால் அவர்களிடம் டெய்லர் இல்லை. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பத்துப் பதினைந்து யார்டு நம் பக்கம் சேரும். நாலாவது பரிமாற்றத்தில் ஓர் ஓட்டமும் இல்லாமல் ஃபீல்டு கோல் தூரத்தில் இருப்போம்.

இந்த ஆட்டமுறையில் அஃபென்ஸுக்கு இடும் முதல் கட்டளை "புள்ளி எடு" அல்ல, "பந்தைத் தொலைக்காதே". மூன்றாவது டவுனில் 4 யார்டு பாஸ் ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் இதுதான். பந்தைப் பறிகொடுக்காமல் டெய்லர் கையில் சேர்ப்பதும் அங்கே ஒரு வெற்றிகரமான ப்ளே.

மூணும்அவுட்டும்

பக்தரே, பென் ஸ்டேட் 31-0. மிச்சிகன் 26-0. டென்னசி 35-0. மூணையும் கூட்டுங்க: 92-0. ஓரளவு நல்ல அஃபென்ஸ் வச்சிருக்கிற அணி எதிரே வந்ததும் உங்க பரிமாற்றக் கணக்கு படுத்துடுது. பென் ஸ்டேட் அன்னைக்கு 97 ப்ளே ஆடினாங்க, நாம 33. மொத்தம் 76 யார்டு. டிஃபென்ஸ் மூச்சு வாங்க நேரமே கொடுக்கல. பத்து வெற்றியில 10-7 நார்த்வெஸ்டர்ன், 15-13 இல்லினாய், 13-10 நெப்ராஸ்கா இருக்கு. ஒரு கிக் தப்பியிருந்தா எல்லாம் அந்தப் பக்கம்.

பன்ட்பக்தன்

தப்பவில்லையே. :)

ஆனால் 92-0க்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். மின்னசோட்டா ஆட்டத்தில் மட்டும், கூப்பர் டிஜீன் பன்ட்டைத் திருப்பி ஓடிப் போட்ட டச் டவுனை, இடது கையை அசைத்தார், அது திருப்பி ஓடமாட்டேன் என்ற சைகை என்று ரத்து செய்ததை நான் சாகும்வரை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது இருந்திருந்தால் 12-10 தோல்வி இல்லை.

பனிமூட்டம்

கை அசைப்பு விவாதத்துக்குத் தனி இழை இருக்கு, அங்கே போங்க. 400 பதிவு தாண்டிடுச்சு.

திரும்ப விஷயத்துக்கு. பக்தர் சொன்ன "பந்தைத் தொலைக்காதே" கட்டளை யாருடையது? கோர்டினேட்டருடையது இல்ல, தலைமைக் கோச்சுடையது. இன்னொண்ணு: உறவினர் நியமன விதி காரணமா பிரையன் காகிதத்துல அப்பாவுக்குக் கீழே வேலை பார்க்கல, தடகள இயக்குநர் கேரி பார்ட்டாவுக்குக் கீழே. அப்போ கோர்டினேட்டரை அஃபென்ஸ் விஷயத்துல உரிமையோட "இதை மாத்து, இல்லைன்னா ஆளை மாத்தறேன்"னு சொல்ல வேண்டிய ஆள் யார்? சாதாரணமா தலைமைக் கோச். இங்கே அந்த நாற்காலி பாதி காலியா இருந்துச்சு. ஒரு கோச் தானே எடுக்க வேண்டிய முடிவை, புள்ளிக் கணக்கா மாத்தி ஒப்பந்தத்துல எழுத வேண்டிய நிலைமை வந்ததே அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

மாடிப்பார்வை

ஆமாம். இன்னொரு கோணமும் சேர்க்கிறேன், இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிரையன் தொழில்முறை லீக்கின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஐயோவாவின் புத்தகம் முழுக்கத் தொழில்முறை லீக் வாடை அடிக்கும். ஆனால் கல்லூரி மைதானம் வேறு.

இரண்டு மைதானமும் 160 அடி அகலம்தான். ஆனால் கல்லூரியில் இரண்டு ஹேஷ் கோடுகளுக்கும் (பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தின் இட, வல எல்லைகள்) நடுவே 40 அடி. தொழில்முறை லீக்கில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. குறுகிய பக்கம் அவுட்சைட் ஜோன் ஓடினால் ரன்னிங் பேக் வெளியே சுத்த 20 யார்டுக்குள் எல்லைக்கோடு வந்துவிடும். டிஃபென்ஸுக்கு அந்தக் கோடு பன்னிரண்டாவது ஆள். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் போன்ற அணிகளின் வேகத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ஓடுவது சுவரில் முட்டுவதுதான். அதே சமயம் 100 அடிப் பக்கத்தை விரித்து ஆடும் சௌகரியம் தொழில்முறை லீக்கில் கிடைக்காதது. அதை ஐயோவா போதிய அளவு தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது ஆர்பிஓ, அதாவது ஓட்டமா பாஸா என்பதை ஸ்னாப்புக்குப் பிறகு குவாட்டர்பேக் ஒரு டிஃபென்டரைப் பார்த்து முடிவு செய்வது. கல்லூரியில் லைன் ஆட்கள் 3 யார்டு வரை முன்னே போய்விட்டாலும் பாஸ் எறியலாம். தொழில்முறை லீக்கில் 1 யார்டுதான். அந்த இரண்டு யார்டு சலுகையில்தான் இன்றைய கல்லூரி அஃபென்ஸ்கள் பாதி வாழ்கின்றன. எட்டாவது ஆளைத் தடுக்க வேண்டாம், அவரையே பார்த்துக்கொண்டிரு. அவர் ஓட்டத்துக்கு வந்தால் அவர் விட்டுவந்த இடத்தில் எறி. காலால் பயமுறுத்தாத குவாட்டர்பேக்கும் இதைச் செய்ய முடியும். நம் கையிலிருந்த மிக மலிவான மருந்து இது. ப்ளே சீட்டில் எழுதவே இல்லை.

நெல்லிக்காய்

அப்போ 2024ல லெஸ்டர் இதையெல்லாம் செஞ்சாரா?

லைன்மேன்72

எல்லாத்தையும் இல்ல. அவர் செஞ்சதுல கண்ணுக்குத் தெரியறது மோஷன். ஓட்டம் அதே ஜோன் குடும்பம்தான். ஆனா ஸ்னாப்புக்கு முன்னாடி ஒரு ரிசீவரையோ டைட் எண்டையோ குறுக்கே ஓட விடறார். விதிப்படி ஒருத்தர் மட்டும் நகரலாம், கோட்டை நோக்கி முன்னால வராம. இதுல என்ன லாபம்னா, ஆள் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போகும்போது டிஃபென்ஸ் தன்னோட இடைவெளிப் பொறுப்பை ஒவ்வொண்ணா நகர்த்தணும். லைன்பேக்கர் ஓரடி தப்பா வச்சார்னா, முன்னே சொன்னேனே கார்டு தாமதமாப் போற அந்தக் கொஞ்ச நேரம், அது திரும்பக் கிடைச்சிடும். 2022ல லிண்டர்பாம் போனதால தொலைச்ச நேரத்தை, ஆளை மாத்தாம, ஒரு ஓட்டத்தால வாங்கிட்டார்.

பின்பக்க எண்டுக்கும் அதே வைத்தியம். குவாட்டர்பேக் பயமுறுத்த முடியலையா, குறுக்கே ஓடற ஆள் பயமுறுத்தட்டும். எண்ட் ஒரு கணம் அவரைப் பார்ப்பார்.

பலன்: கேலப் ஜான்சன் 1,537 யார்டு, ஓட்டத்துல மட்டும் 21 டச் டவுன். நார்த்வெஸ்டர்னுக்கு 40, வாஷிங்டனுக்கு 40, விஸ்கான்சினுக்கு 42. அதே ஜான்சன் 2023லயும் இருந்தார், ஞாபகம் வச்சுக்குங்க.

கணக்குப்பிள்ளை

மறுபக்கத்தையும் சொல்லுங்கள் ஐயா. அந்த 2024இலும் பாஸ் ஆட்டம் நாட்டின் கடைசி வரிசைகளில்தான் கிடந்தது. குவாட்டர்பேக் மூன்று பேர் மாறினார்கள். யுசிஎல்ஏ 20-17 தோல்வியில் ஓட்டத்தை அடைத்ததும் கை விரிந்துவிட்டது. ஆக, பனிமூட்டம் பிரித்த மூன்றில் இரண்டாவதை, கூப்பிடக் கையில் நல்ல ப்ளே இருப்பதை, லெஸ்டர் சரிசெய்தார். மூன்றாவதான ஆள் பஞ்சம் அப்படியே இருந்தது. முதலாவதை, அதாவது கூப்பிடும் நேரத்தை, நாம் இன்னும் அளக்கவே இல்லை. 2023இன் சராசரிக்கு மேல் 12 புள்ளியைக் கூட்டியது ஓட்டத்தின் வடிவம்தான் என்பது என் முடிவு.

அளக்க விரும்புபவர்களுக்கு வழி சொல்கிறேன். ஒரு ஆட்டப் பதிவு, ஒரு விரிதாள், மூன்று மணி நேரம். ஒவ்வொரு ப்ளேக்கும் ஒரு வரி. நெடுவரிசைகள்: டவுன், தேவையான யார்டு, பந்து இருக்கும் இடம், எத்தனை டைட் எண்ட், குவாட்டர்பேக் சென்டரை ஒட்டியா ஷாட்கன்னா (சில யார்டு தள்ளிப் பின்னால்), மோஷன் உண்டா, பாக்ஸில் எத்தனை பேர், ஓட்டமா பாஸா, கிடைத்த யார்டு. பாக்ஸ் எண்ணிக்கையை ஸ்னாப் ஆகும் கணத்தில் படத்தை நிறுத்தி எண்ண வேண்டும். முன்னதாக எண்ணினால் சேஃப்டி இறங்குவது விட்டுப்போகும்.

பிறகு ஒவ்வொரு ப்ளேயும் வெற்றியா என்று குறியுங்கள். வழக்கமான அளவு: முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுவதும். முதல் டவுனில் 10 யார்டு தேவைப்படும்போது 4 யார்டு ஓடினால் கைதட்டுவோம், இந்த அளவுப்படி அது தோல்வி. கடைசியாக, ஒரே அமைப்பில் (ஒட்டி நின்று, இரண்டு டைட் எண்ட், மோஷன் இல்லை, முதல் டவுன்) ஓட்டம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். முக்கால் பங்கைத் தாண்டினால் எதிரணிக் கோச்சும் அதே விரிதாளை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அது கூப்பிடுவதில் உள்ள தவறு, ஆள் மேல் பழி போட முடியாது.

ஸ்கோர் 20க்கு மேல் விலகிப்போன பிறகு வரும் ப்ளேக்களை விட்டுவிடுங்கள். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி எதையும் நிரூபிக்காது.

மூணும்அவுட்டும்

கணக்கு சார், நான் 2023 மின்னசோட்டா ரெண்டாவது பாதியை எடுத்துக்கறேன். 12 யார்டு, சீக்கிரம் முடிஞ்சிடும்.

நெல்லிக்காய்

நான் 2024 விஸ்கான்சின் முதல் பாதி. பந்து இருக்கும் இடம்னா எத்தனாவது யார்டுங்கறது மட்டுமா? மாடிப்பார்வை சார் சொன்ன ஹேஷும் குறிக்கணுமா?

கணக்குப்பிள்ளை

விட்டுவிட்டேன், குறிக்க வேண்டும். இடது, நடு, வலது என்று தனி நெடுவரிசை. அதோடு, ஓட்டம் அகலப் பக்கம் போனதா குறுகிய பக்கமா என்று இன்னொன்று. அந்த இரண்டையும் சேர்த்தால்தான் சுவரில் முட்டிய ஓட்டங்கள் எத்தனை என்பது பிரியும்.